பாதியில் தூக்கிய ஊசி

இரவு பதினொன்று தாண்டியிருந்தது. புறவழிச் சாலை. விட்டு விட்டுத் தூறல். முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. ஒரு பழைய வேன் மட்டும் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்து வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வருகிற மாதிரி இல்லை.

வேனை ஓட்டி வந்தவர் என் கூட்டாளியின் மாமா. அவன் அத்தையைக் கட்டியவர். கடன் வாங்கிய வேன் அது. பின்னால் இருந்த சரக்கு, ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், ஒரு டர்ன்டேபிள், ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். எல்லாவற்றையும் போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பச்சைக் குழந்தையைக் கூட்டி வருகிற மாதிரிதான் வந்தார். பள்ளம் தெரிந்தால் நிறுத்துவார். இறங்குவார். டார்ச் அடித்துப் பார்ப்பார். மறுபடி ஏறுவார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

தூசி சூடாகிற வாசனை. வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்துவிடாது. கண்ணாடிக் குழாய்கள் உள்ளே மெல்லச் சிவக்கும். முதலில் வாசனை வரும். பிறகு ஒரு 'ம்ம்ம்'. அதற்கும் பிறகுதான் பாட்டு. மாமாவுக்கு உலகத்திலேயே பிடித்த வாசனை அது. தன்னை மறந்து சிரித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது...

கரண்டே இல்லாத வேனில் அந்த வாசனை எப்படி வரும்?

ஓரமாக நிறுத்தினார். பின்கதவைத் திறந்தார். போர்வையை விலக்கினார். கரண்ட் வயர் அவரே சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தபடி அப்படியே இருந்தது. விரலை நீட்டி ஒரு வால்வைத் தொட்டார்.

சுரீரென்று சுட்டது.

"எஞ்சின் சூடுப்பா. வேன் தரையெல்லாம் கொதிக்கும்" என்கிறாயா? நீ எலெக்ட்ரீஷியன், அப்படித்தான் சொல்வாய். நானும் இதையேதான் கேட்டேன். "தரையையும் தொட்டுப் பாத்தேண்டா, ஐஸ் மாதிரி இருந்துச்சு" என்றார் மாமா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் அச்சில் வார்த்து, ராவி, மெருகேற்றிக் கொடுப்பார். மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்கு ஈறு புண்ணாகிவிடும். அந்தப் புத்தி அப்படியே பாட்டுக்கும் வந்துவிட்டது. வீட்டில் ஒரு அறை முழுக்கப் பாட்டுக்குத்தான். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. எதிரே இரண்டு பெட்டிகள். பாட்டு ஓடும். கண்ணை மூடுவார். ஒரு நிமிஷம். நெற்றி சுருங்கும். எழுந்து போய் ஊசியைத் தூக்குவார், இடது பெட்டியை அரை இஞ்ச் நகர்த்துவார், வந்து உட்காருவார். மறுபடி நெற்றி சுருங்கும். இந்த முறை வலது பெட்டி. குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'அரை இஞ்ச்'.

"பாட்டு கேக்குற மனுஷன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க. வந்தப்புறம்தான் தெரியுது, இது பொட்டி நகத்துற மனுஷன்" என்பார் அத்தை.

"செவுத்தை நகத்திப் பாத்தீங்களா மாமா?" என்று என் கூட்டாளி வம்புக்கு இழுப்பான்.

"அதையும் யோசிச்சிருக்கேன், போடா."

ஒரு காலத்தில் அப்படி இல்லை. சின்ன வயதில் ஒரு ரேடியோவுக்கு முன்னால் குப்புறப் படுத்து, ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத கரகரப்போடு பாட்டைக் கேட்டு அழுதவர் அவர். கேசட்டில் நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்து, அதே பாட்டைத் தேயத் தேயக் கேட்டவர். நல்ல செட் வாங்க வாங்க, பாட்டு எங்கோ பின்னால் போய்விட்டது. சத்தம் மட்டும் முன்னால் வந்து நின்றது. முழுசாக ஒரு பாட்டைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே தெரியாது. அந்த அறையில் இரண்டாவது நாற்காலி போட்டால் சத்தம் கெட்டுவிடும் என்று அத்தையைக்கூட உட்கார விட்டதில்லை.

இந்தப் பழைய செட்டை அவருக்குக் கொடுத்தது ஒரு பெண். அவளுடைய அப்பாவின் செட். கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷக் கணக்கில் அலைச்சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்பார். கடைசிப் பாட்டு முடிந்தால்தான் தூக்கம் வரும்.

"அன்னிக்கும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு" என்றாளாம் அந்தப் பெண். "கடைசிப் பாட்டு ஓடுது. பாத்தா, தலை ஒரு பக்கமா சாஞ்சு கெடக்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஓடிப்போய் ஊசியைத் தூக்கிட்டேன். பாட்டு நின்னா கண்ணைத் தொறந்து திட்டுவாரு இல்ல... அப்படி நெனச்சேன்."

அவர் திட்டவில்லை.

"ரெக்கார்டு இன்னும் தட்டுலயேதான் இருக்கு. எனக்கு அதைத் தொட மனசு வரல. ஒரே ஒரு உதவி பண்ணுங்கண்ணே. வீட்டுக்குப் போனதும் மொதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும், நடுவுல நிறுத்தாம ஒரு தடவை ஓட விட்டுருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

"இதென்னம்மா பெரிய காரியம்? கண்டிப்பா" என்றார் மாமா. சொல்லும்போது அவர் கண் பெட்டியின் மரப்பலகை மேல் இருந்தது. சொன்ன வாக்கு வாயிலிருந்து வந்ததே தவிர மனசிலிருந்து வரவில்லை. நாமும் எத்தனை பேருக்கு இப்படித் தலையாட்டிவிட்டு வருகிறோம்... கேட்கிறவர்களுக்கு அது எத்தனை பெரிது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் செட்டை அறையில் வைத்தார். தன் பழைய பெட்டிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, இவற்றை அந்த இடத்தில் நிறுத்தினார். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியை இறக்கினார்.

டப்... கரகர... பிறகு பாட்டு.

அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதில்லையாம். பாடுகிறவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டதாம். வயலின்காரர் வில்லைத் திருப்புவது கேட்டதாம். ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டுகள் போயின. கடைசிப் பாட்டு வந்தது. மெதுவான பாட்டு, ஓர் ஆண் குரல். நெற்றி சுருங்கியது. குரல் நட்டநடுவில் இல்லை. இடது பக்கம் துளி சாய்ந்திருக்கிறது. விட்டுவிடு, விட்டுவிடு என்று மனசு சொல்லிற்று. கால் கேட்கவில்லை. பாட்டு ஓடும்போது பெட்டியைத் தொட்டால் அதிர்ச்சியில் ரெக்கார்டு கீறிவிடும், அதனால் முதலில் ஊசியைத் தூக்க வேண்டும். தூக்கினார். அரை இஞ்ச் நகர்த்தினார்.

நாளைக்குக் கேட்டுக்கலாம் என்று படுத்துவிட்டார்.

மறுநாள் வேலை செய்கிற இடத்தில் ஒரு பல்செட்டை மெருகேற்றப் போனார். மோட்டாரில் துணிச் சக்கரம் சுற்றும், அதில் காட்டி மெருகேற்ற வேண்டும். மோட்டார் நின்றிருக்கிறது என்று நினைத்துச் சக்கரத்தைச் சரிசெய்யக் கையை விட்டார். பல்செட் பறந்து போய்ச் சுவரில் அடித்தது. கட்டை விரல் தோல் உரிந்தது.

"என்னண்ணே, கண்ணு தெரியலையா? மோட்டார் ஓடுதுல்ல!" என்று கத்தினார் பக்கத்தில் இருந்தவர்.

"ஓடுதா?"

அந்தக் கத்தல் கேட்டது. கீழே வண்டி போவது கேட்டது. மோட்டாரின் அந்த 'ங்ஙொய்' மட்டும் இல்லை. யாரோ அதை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்ட மாதிரி.

அன்று ராத்திரியும் உட்கார்ந்தார். கடைசிப் பாட்டில் ஒரு மெல்லிய இரைச்சல். வயரை மாற்றினால் போய்விடும். ஊசியைத் தூக்கினார். வயரை மாற்றினார். விடிந்ததும் ஜன்னலில் பார்த்தால் மழை கொட்டுகிறது. கண்ணாடியில் வழிகிறது, தகரக் கூரையில் தெறிக்கிறது... சத்தமே இல்லை. அத்தை பேசுவது கேட்கிறது, குழாய் சொட்டுவது கேட்கிறது. மழை மட்டும் ஊமை.

காது டாக்டரிடம் ஓடினார். ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். "உங்க வயசுக்கு இது பொறாமைப்பட வேண்டிய காது சார்" என்றார் டாக்டர். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரவில் தூக்கம் போயிற்று. புரண்டு புரண்டு படுத்தார். எழுந்து ஜன்னலைத் திறப்பார், மூடுவார். தண்ணீர் குடிப்பார். அந்த அறைக்கதவு வரை போவார், திரும்பி வருவார். அவருக்கே ஒரு சந்தேகம் தட்டிவிட்டது. ஆனால் அத்தையிடம் சொல்லவில்லை. இன்றைக்கு எப்படியாவது கடைசி வரை உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்தார். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பாட்டு ஓடியது. கடைசிப் பாட்டு. சரணம். எல்லாம் துல்லியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போது...

நாற்காலிக்குப் பின்னால், காதோரமாக, யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருக்கிற ஒருவர், 'கொஞ்சம் எழுந்திருக்கிறீர்களா' என்று சொல்லத் தயங்கிக் கனைப்பாரே... அந்த மாதிரி. கூடவே ஷேவிங் சோப்பு வாசனை.

மாமா துள்ளி எழுந்தார். வேடிக்கையைப் பாருங்கள், அந்தப் பயத்திலும் ஊசியை மெதுவாகத்தான் தூக்கினார். வாழ்நாள் பழக்கம்.

மறுநாள் தெருவைக் கடக்கும்போது ஒரு பஸ் அவர் சட்டையை உரசி நின்றது. டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்காமல் வாயால் வைதுகொண்டிருந்தார். வசவு முழுக்கக் கேட்டது. ஹார்ன் கேட்கவில்லை.

பயத்தில் அன்று அறைப் பக்கமே போகக் கூடாது என்று இருந்தார். இருட்டியதும் மனசு கேட்கவில்லை, போனார். முதுகுக்குப் பின்னால் கனைப்புக்காகக் காத்துக் காத்து, கடைசிப் பாட்டு தொடங்குவதற்குள்ளேயே ஊசியைத் தூக்கிவிட்டார்.

அதற்கு அடுத்த காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன்! காதுல விழலையா, விழாத மாதிரி இருக்கீங்களா?"

"இப்ப கேக்குதே. என்னன்னு கூப்பிட்ட?"

அத்தையின் உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. திரும்ப அசைந்தது. மாமா உதட்டை உற்றுப் பார்த்தார். 'ஏங்க' என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியிலிருந்தும் வாசலிலிருந்தும் கூப்பிட்ட அதே 'ஏங்க'. மீதிப் பேச்செல்லாம் கேட்கிறது. அந்த ஒரு சொல் போய்விட்டது.

பல்செட்காரர் குழந்தை மாதிரி அழுதார். எல்லாவற்றையும் சொன்னார். வேனில் விரல் சுட்டது, மோட்டார், மழை, கனைப்பு, பஸ். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

மாமா தலையைக் குனிந்தபடி, கொடுத்த வாக்கைச் சொன்னார்.

"ஒரு பக்கம் முழுசா ஓட விடச் சொல்லிருக்கா. அதைக்கூடச் செய்யல. செத்தவரு உங்ககிட்ட வேற என்ன கேட்டாரு, சொத்தா கேட்டாரு?"

"நான் என்ன பண்ணுவேன், என்னால உக்கார முடியலையே..."

"நானும் வர்றேன்."

"அந்த ரூம்ல ரெண்டாவது நாற்காலி போட்டா..."

"ஒங்க நாற்காலி யாருக்கு வேணும்? நாம கீழ உக்காருவோம். அது யாரு பாட்டு? அவரு பாட்டு. நாற்காலியில அவரு உக்காரட்டும்."

அத்தை எதையும் ஆராய்கிற ஆளில்லை. பஸ்ஸில் வயதானவர் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த தத்துவம். உயிரோடு இருக்கிறவருக்கு ஒரு நியாயம், செத்தவருக்கு வேறு நியாயம் என்று அவர் பிரித்ததில்லை. அன்று சாயங்காலம் அந்த அறையைப் பெருக்கினார். நாற்காலியைத் துடைத்தார். மனசுக்குள் ஏதோ பிரார்த்தனை சொல்லிக்கொண்டார். இருட்டியதும் இருவரும் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால்.

மாமா ஊசியை இறக்கிவிட்டு வந்தார்.

தரையில், மூலையில் உட்கார்ந்தால் எந்தச் சத்தமும் சரியாக வராது. இடது பெட்டி முழங்கியது, வலது பெட்டி எங்கோ இருந்தது. மாமாவின் கால் துடித்தது. முதல் பாட்டிலேயே எழப் பார்த்தார். அத்தை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது பாட்டில் மறுபடி. பிடி இறுகியது. வளையல் பதிந்து வலித்ததாம். மூன்றாவது பாட்டில் அத்தை தலையை லேசாக ஆட்டிக்கொண்டு கேட்பதைப் பார்த்தார். அத்தைக்குப் பாட்டு பிடிக்கும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது...

கடைசிப் பாட்டு தொடங்கியது.

ஷேவிங் சோப்பு வாசனை வந்தது. அவர்களைத் தாண்டிப் போயிற்று. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கிரீச்...

கனமான மனிதர் ஒருவர் மெல்ல உட்கார்ந்தால் நாற்காலி எப்படி முனகுமோ, அப்படி. பிறகு கைப்பிடியில் விரலால் தாளம். டொக்... டொக்... பாட்டோடு ஒட்டி, ஒரு தடவைகூடப் பிசகாமல்.

அத்தையின் கை ஐஸாகிவிட்டது. ஆனால் பிடியை விடவில்லை. எழவும் இல்லை. சரணம் வந்தது, போயிற்று. பல்லவி திரும்பி வந்தது. வயலின் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக இழைந்தது. தேய்ந்தது. நின்றது. ஊசி கடைசி வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. டப்... டப்... டப்...

நாற்காலியிலிருந்து ஒரு நீளமான மூச்சு. பெரிய சுமையை இறக்கி வைத்தவர் விடுகிற மூச்சு.

தாளம் நின்றிருந்தது.

உடனே மாமாவின் காதில் தகரக் கூரை மழை 'சோ'வென்று விழுந்தது. தூரத்தில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. பக்கத்தில், நடுங்குகிற குரலில், யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏங்க..."

"சொல்லும்மா" என்றார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அடுத்த மாதம் என் கூட்டாளி அவர்கள் வீட்டுக்குப் போனான். பட்டப்பகல், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வழக்கம்போல வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு நுழைந்தான். "என்ன மாமா, பொட்டி இன்னிக்கு எத்தனை இஞ்ச் போச்சு?"

மாமா அறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். அசையாமல். அவர் அப்படி அசையாமல் உட்கார்ந்து இவன் பார்த்ததே இல்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுடா. இப்பதான் கண்ணசந்தாரு."

"யாரு?"

மாமா அறைக்குள்ளே கண்ணைக் காட்டினார். செட்டை அணைத்திருக்கவில்லை, வால்வுகள் சிவப்பாக இருந்தன. எதிரே அந்த நாற்காலி. காலி.

அத்தை உள்ளிருந்து கையில் ஒரு போர்வையோடு வந்தார். இவனைப் பார்த்துச் சிரித்தார். சத்தம் வராமல் அடிமேல் அடி வைத்துப் போனார். "மழைக்காத்து, பாவம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போர்வையை உதறி அந்தக் காலி நாற்காலி மேல் விரித்தார்.

போர்வை தட்டையாக விழவில்லை.